தெருவை மூடும் அதிகாரம்

'பணி நடைபெறுகிறது, மாற்றுப் பாதையில் செல்லவும்' என்ற பலகையைக் காணாமல் வடசென்னையில் ஒரு நாளைக் கழிப்பது அரிது. ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரப் பகுதியில் மெட்ரோ ரயிலுக்காகவும், மழைநீர் வடிகாலுக்காகவும், குடிநீர்க் குழாய்க்காகவும், மின்புதைவடத்துக்காகவும் தெருக்கள் மாறி மாறி அடைக்கப்பட்டு வந்திருக்கின்றன. பணிகள் தேவையானவை என்பதில் ஐயமில்லை. அவற்றுள் பல, நகரின் தென்பகுதிக்கு வந்த பின்னர் மிகத் தாமதமாக இங்கே வந்தவை. ஆனால், அந்தப் பலகையை நிறுத்தும் அதிகாரம் சட்டப்படி யாருக்கு இருக்கிறது, எத்தனை நாள்களுக்கு இருக்கிறது, அடைக்கப்பட்ட தெருவில் கடை வைத்திருப்பவரின் உரிமை என்ன என்ற கேள்விகள் அரிதாகவே கேட்கப்படுகின்றன.

வடசென்னையில் இக்கேள்விகளுக்குத் தனி அழுத்தம் உண்டு. இப்பகுதியின் நில அமைப்பு அப்படி. கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதைகளும் பக்கிங்ஹாம் கால்வாயும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட நாள் முதல், தண்டவாளத்தைக் கடப்பது இங்குள்ள மக்களின் அன்றாடச் சிக்கல்களில் ஒன்று. இடைப்பட்ட குறுகிய நிலப்பட்டையில் வடக்கு-தெற்காகச் செல்லும் பெரிய சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: திருவொற்றியூர் நெடுஞ்சாலை, கடலோரமாகச் செல்லும் எண்ணூர் விரைவுச்சாலை, சற்று மேற்கே மணலியை நோக்கிச் செல்லும் சாலைகள். தியாகராய நகரில் ஒரு தெருவை மூடினால் அடுத்த தெரு இருக்கும். திருவொற்றியூரில் ஒன்றை மூடினால், மீன்பாடி வண்டியும் பள்ளிப் பேருந்தும் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரியும் ஒரே பாதையில் வந்து சேரும். ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ செல்லும் ஆம்புலன்ஸுக்கும் அதே பாதைதான்.

முதலில், தெரு யாருக்குச் சொந்தம்? மாநகராட்சித் தெருக்கள் மாநகராட்சியிடம் 'உரித்தாக்கப்பட்டவை' என்று சட்டம் கூறுகிறது. ஆனால், இது வீட்டுமனையை ஒருவர் உரிமையாகக் கொண்டிருப்பதைப் போன்ற உடைமையன்று. அன்றைய உத்தரப் பிரதேசத்தின் மங்களௌர் நகராட்சி தொடர்பான வழக்கில் 1965-இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சாலையோர நிலத்தில் காந்தியடிகளின் சிலையும், தண்ணீர்ப் பந்தலும், நூலகமும் அமைக்க அந்த நகராட்சி விரும்பியது. மூன்றுமே நற்காரியங்கள்தாம். ஆயினும், பாதையைப் பாதையாகப் பராமரிப்பதற்கே நகராட்சிக்கு அந்த நிலம் உரித்தாக்கப்பட்டிருக்கிறது. பாதைக்குத் தொடர்பற்ற கட்டுமானங்களுக்கு அதைப் பயன்படுத்த இயலாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. தெருவின் உண்மையான பயனுரிமை நடப்பவரிடம் இருக்கிறது. அதிகார அமைப்பு அதன் காப்பாளர் மட்டுமே.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஈ) பிரிவு நாடெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை அளிக்கிறது. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 19(5) இடமளிக்கிறது. இமாசலப் பிரதேச மலைக்கிராமச் சாலை ஒன்று பாதியில் நின்றது குறித்த உமேத் ராம் சர்மா வழக்கில் (1986), வாழ்வுரிமையைக் கூறும் 21-ஆவது பிரிவுக்குள் சாலை வசதியும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் கருதியது. ஆகவே, ஒரு தெருவை மூடுவது அடிப்படை உரிமை ஒன்றின்மீது விதிக்கப்படும் கட்டுப்பாடு. அதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

அந்தச் சட்ட ஆதாரம் பழைமையானது. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், பழுதுபார்ப்பதற்காகவோ, வடிகால், குடிநீர், விளக்கு தொடர்பான பணிகளுக்காகவோ எந்தத் தெருவையும் போக்குவரத்துக்குத் தற்காலிகமாக மூடும் அதிகாரத்தை ஆணையருக்கு வழங்கியது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: பணியை 'இயன்ற விரைவில்' முடித்துத் தெருவைத் திறந்துவிட வேண்டும். பணி நடக்கும் இடத்தில் வேலியிடுவதும், அருகிலுள்ள கட்டடங்களுக்கு முட்டுக் கொடுப்பதும், இரவில் விளக்கேற்றுவதோ காவலிடுவதோ ஆணையரின் கடமை என்றும் அச்சட்டம் கூறியது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னையோடு இணைக்கப்படும்வரை தனி நகராட்சிகளாக இருந்ததால், அங்கே 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே நடைமுறையில் இருந்தது. அதன் ஏற்பாடும் ஏறத்தாழ இதே போன்றதுதான். 2023 ஏப்ரல் 13 முதல் இவற்றின் இடத்தைத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 பெற்றிருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது; காப்பாளரின் கடமை மாறவில்லை.

'இயன்ற விரைவில்' என்ற சொற்றொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன், பணி என்பது சில கூலியாள்கள் கடப்பாரையோடு வந்து ஒரு குழாயைப் பதித்துச் செல்வது. அதற்கு நாள் கணக்கு எழுதிவைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. இன்று ஒரு மெட்ரோ நிலையத்துக்காகத் தெருவின் நடுவில் தகரத் தடுப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் இடையிலான 9 கி.மீ. மெட்ரோ நீட்டிப்புக்கு 2016 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021 பிப்ரவரியில் ரயில் ஓடியது. இடைப்பட்ட நாலரை ஆண்டுகளில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை பகுதி பகுதியாகச் சுருங்கியும் திசைமாற்றப்பட்டும் இருந்தது. இதில் எந்தக் கட்டம் 'இயன்ற விரைவு', எந்தக் கட்டம் தாமதம் என்று அளப்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் ஏதுமில்லை.

கால வரம்பு என்று சொல்லத்தக்க ஒன்று இருப்பது வேறொரு சட்டத்தில். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, அல்லது ஒரு சாலை அல்லது பாலத்தின் தன்மை காரணமாகவோ, குறிப்பிட்ட இடத்தில் வாகனங்கள் செல்வதைத் தடைசெய்யவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் உரிமை தருகிறது. தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும். 116-ஆவது பிரிவின்படி உரிய போக்குவரத்துக் குறியீடுகளை நிறுவ வேண்டும். தடை ஒரு மாதத்துக்கு மேற்படாது எனில் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. சூழ்நிலைக்கு ஏற்ற உள்ளூர் விளம்பரம் போதும்.

இந்த ஒரு மாத விலக்கு, அவசரப் பணிகளுக்காகத் தரப்பட்ட நியாயமான சலுகை. உடைந்த கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்ய அரசிதழுக்குக் காத்திருக்க முடியாது. ஆனால், ஒரே தடையை மாதந்தோறும் புதுப்பித்துக்கொண்டே போனால் விலக்கே விதியாகிவிடும். போக்குவரத்து மாற்றங்கள் பெரும்பாலும் 'சோதனை அடிப்படையில்' என்ற அடைமொழியுடன் அறிவிக்கப்படுகின்றன. சோதனை எப்போது முடிந்தது, அதன் முடிவு என்ன என்று பின்னர் ஓர் அறிவிப்பு வந்து நான் படித்ததில்லை. மூடும் நாளைப் பெரிய எழுத்தில் சொல்லும் அறிவிப்புகள், திறக்கும் நாளைப் பற்றி மௌனம் காக்கின்றன.

இதுவரை சொன்னவை மாநகராட்சியையும் காவல்துறையையும் பற்றியவை. வடசென்னையில் சாலைக் காப்பாளர்கள் இவ்விருவர் மட்டுமல்லர். மாநில நெடுஞ்சாலைகளுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளைத் தற்காலிகமாக மூடும் அதிகாரத்தை 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுஞ்சாலை நிர்வாகத்துக்குத் தருகிறது. ரயில்வே சட்டம், 1989-இன் 11-ஆவது பிரிவு, தன் பணிகளுக்காகத் தெருக்களைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ திருப்பிவிடவும், அவற்றின் மட்டத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யவும் ரயில்வேக்கு அதிகாரம் அளிக்கிறது. தெருக்களுக்கு மேலும் கீழும் குறுக்கிலும் பாதை அமைக்க மெட்ரோ நிர்வாகத்துக்கு 1978-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் துணை நிற்கிறது. துறைமுக வளாகத்துக்குள் இருக்கும் சாலைகளோ, பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டம், 2021-இன் கீழ் வருபவை.

அதிகாரம் இவ்வளவு தாராளமாகப் பகிரப்பட்டிருக்கும் இடத்தில் பொறுப்பு நழுவிப் போவது இயல்பு. எண்ணூர் விரைவுச்சாலை, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைச் சாலை, திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகியவற்றை அகலப்படுத்திய எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு, சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் என நால்வர் பங்காளிகள். அது பல ஆண்டுகள் இழுபட்டது. அந்நாள்களில் துறைமுக வாயிலை நோக்கிக் கிலோமீட்டர் கணக்கில் நின்ற கண்டெய்னர் லாரிகளின் வரிசையைக் காசிமேட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சற்றுத் தெற்கே, யானைக்கவுனி மேம்பாலத்தின் கதையும் இதுதான். தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி ரயில்வேயின் பொறுப்பு. இருபுறமும் ஏறி இறங்கும் பகுதி மாநகராட்சியின் பொறுப்பு. ஒருவர் பாதியை முடித்தாலும் மற்றவர் பாதி முடியும்வரை பாலம் பயன்படாது. அப்பாலம் மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், வேப்பேரிக்கும் சௌகார்பேட்டைக்கும் இடையே சரக்கு ஏற்றிச் சென்ற தள்ளுவண்டித் தொழிலாளி எவரிடம் முறையிட்டிருக்க முடியும்?

இனி, பொருளியல் பயின்றவன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துகிற பகுதி: இழப்பு. ஒரு கணக்குக்காக, 60 சிறு கடைகள் உள்ள ஒரு தெரு அடைபட்டு, ஒவ்வொரு கடையும் நாளொன்றுக்கு ரூ.500 வருவாய் இழப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு ரூ.30,000. ஆறு மாதங்களில் ரூ.54 லட்சம். இது எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் செலவாக எழுதப்படாது. இழப்பின் ஒரு பகுதி, அடுத்த தெருக் கடைகளுக்கு ஆதாயமாகப் போகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமூகத்தின் மொத்தக் கணக்கில் அது இடமாற்றமே தவிர இழப்பாகாது. ஆனால், சுற்றிச் செல்வதால் எரியும் டீசலும், வரிசையில் நிற்கும் மணித்துளிகளும், பனிக்கட்டி கரைந்து விலையிழக்கும் மீனும் எவருக்கும் ஆதாயமாவதில்லை. மேலும், ஆதாயம் ஒரு தெருவிலும் இழப்பு இன்னொரு தெருவிலும் விழுந்தால், மொத்தக் கணக்கு சரியாக இருப்பது இழந்தவருக்கு ஆறுதலாகாது.

இந்த இழப்புக்கு ஈடு கேட்க முடியுமா என்ற வழக்கு மிகப் பழையது. லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் பாதை அமைக்கப்பட்டபோது, கிளெர்க்கன்வெல் பகுதியில் மதுவிடுதி நடத்திய ரிக்கெட் என்பவரின் கடைக்குச் செல்லும் தெருக்கள் பல மாதங்கள் அடைக்கப்பட்டன. வாடிக்கையாளர்கள் வரவில்லை. அவர் மெட்ரோபாலிடன் ரயில்வே மீது வழக்குத் தொடுத்தார். 1867-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: நிலத்துக்குச் சேதமில்லை, வியாபாரம் குறைந்ததற்கெல்லாம் இழப்பீடு இல்லை. வெஸ்ட்பரி பிரபு மட்டும் மாறுபட்டார். ஏறத்தாழ 133 ஆண்டுகள் கழித்து, 2000-இல், லண்டனின் ஹாரோ பகுதி விடுதி ஒன்றின் வழக்கில் அதே சபை அந்தக் கதவைச் சிறிது திறந்தது. சாலைப் பணிக்காக வைக்கப்பட்ட தடுப்புகளால் சொத்துக்கான வழி அடைபட்டு, அதன் வாடகை மதிப்பு தற்காலிகமாகக் குறைந்திருந்தால் அதற்கு இழப்பீடு கேட்கலாம் என்றது.

நம் நாட்டின் ரயில்வே சட்டமும், பணிகளால் நேரும் சேதத்துக்கு ஈடு வழங்கவேண்டும் என்கிறது. ஆனால், 'சேதம்' என்ற சொல்லுக்குள் திருவொற்றியூர்த் தேநீர்க் கடையின் விற்காத தேநீர் அடங்குமா? மாநகராட்சிப் பணி என்றால் அந்தச் சொல்லுக்கும் இடமில்லை. தற்காலிக அடைப்பால் வரும் வருவாய் இழப்புக்கு ஈடு தருவது நம் உள்ளாட்சிச் சட்டங்களின் மரபில் இல்லை.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. வடசென்னையின் கொசஸ்தலையாற்றுப் படுகையில் மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் வழங்கியது. அவ்வங்கியின் 2009-ஆம் ஆண்டுக் காப்புறுதிக் கொள்கைப்படி, திட்டத்தால் ஒருவரின் பிழைப்பு தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டாலும் அது கணக்கெடுக்கப்பட்டு ஈடு செய்யப்பட வேண்டும். அதே வடிகாலை மாநில நிதியில் கட்டினால் இந்தக் கடமை எழாது. ஆக, ஒரே மண்டலத்தில், அடுத்தடுத்த இரு தெருக்களில், ஒரே ஆழத்துக்குத் தோண்டப்படும் பள்ளத்துக்கு முன் கடை வைத்திருக்கும் இருவரில், ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை. பணம் மணிலாவிலிருந்து வருகிறதா, தலைமைச் செயலகத்திலிருந்து வருகிறதா என்பதே வேறுபாடு. நம் குடிமக்களின் உரிமையைக் கடன் கொடுத்தவரின் விதிப்புத்தகத்தில் தேட வேண்டியிருப்பது பெருமைக்குரியதல்ல.

இன்னொரு முரண்பாடும் உண்டு. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014-இன்படி, ஒரு வியாபாரியை இடமாற்றவோ அகற்றவோ வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பல ஆண்டுப் போராட்டத்தின் பயனாக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தத் தள்ளுவண்டிக்குப் பின்னால், வரி செலுத்தி, உரிமம் பெற்று நடக்கும் மளிகைக் கடையின் முன் பள்ளம் தோண்டுவதற்கு ஒரு நாள் முன்னறிவிப்புகூட நடைமுறையில் கிடைப்பதில்லை. காலையில் கதவைத் திறந்தால் ஜேசிபி நிற்கிறது.

இழப்பீடு தருவது நிர்வாகத்துக்குக் கடினம் என்றால், அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது: தெருவைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்துக்கு விலை வைப்பது. இன்று சாலையை வெட்டுபவர் மீட்டமைப்புக் கட்டணம் செலுத்துகிறார். அது வெட்டின் நீள அகலத்தைப் பொறுத்தது. எத்தனை நாள் திறந்து கிடந்தது என்பதைப் பொறுத்ததன்று. பத்து நாளில் மூடினாலும் நூறு நாளில் மூடினாலும் கட்டணம் ஒன்றே. இலவசமாகக் கிடைக்கும் எதுவும் வீணடிக்கப்படும் என்பது பொருளியலின் முதல் பாடங்களுள் ஒன்று. ஒப்பந்தங்களில் தாமதத் தண்டம் இருக்கிறதே எனலாம். அது பொதுவாக ஒப்பந்த மதிப்பில் பத்து விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. வசூலானாலும் துறையின் கணக்குக்குப் போகுமே தவிர, தெருவுக்கு வராது.

பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பணிக்காகச் சாலையை மூடும் தற்காலிக ஆணைக்கு 18 மாதங்களே உச்சவரம்பு. நடைபாதைக்கு ஆறு மாதங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் அமைச்சரின் ஒப்புதல் தேவை. 1991-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், குறித்த நாளைத் தாண்டிப் பணி நீடித்தால் நாள்தோறும் கட்டணம் வசூலிக்க வழிசெய்தது. 2012 முதல் லண்டனின் நெரிசல் மிகுந்த சாலைகளில், நெரிசல் நேரத்தில் தடத்தை அடைத்தால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை 'வாடகை' கட்ட வேண்டும். இரவிலோ விடுமுறை நாளிலோ வேலை செய்தால் வாடகை குறையும் அல்லது இருக்காது. ஒப்பந்ததாரர்கள் இரவில் வேலை செய்யக் கற்றுக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. இந்த முறையை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க இயலாது. குடிநீர் வாரியத்தின் மீது மாநகராட்சி வாடகை விதித்தால், அது ஓர் அரசுப் பையிலிருந்து இன்னோர் அரசுப் பைக்குப் போவதாகவே முடியலாம். ஆனால், வாடகையை ஒப்பந்ததாரரின் பட்டியலிலிருந்து நேரடியாகக் கழிக்கும் விதி இருந்தால் நிலைமை வேறு.

சட்டத்தில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளையும் குறிப்பிட வேண்டும். பணியிடப் போக்குவரத்து மேலாண்மைக்கென இந்திய சாலைக் காங்கிரஸ் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, பணிப் பகுதி, முடிவுப் பகுதி என இடத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன பலகை வைக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கின்றன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் வகுக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஓர் உயிருக்கு உச்சவரம்பு ஒரு லட்சம் என்பது மிகக் குறைவு. எனினும், பள்ளத்தில் விழுந்தவர் 'கவனக்குறைவாக வாகனம் ஓட்டினார்' என்று வழக்கை முடித்துவிடும் பழக்கத்துக்கு இப்பிரிவு ஒரு மாற்று.

பாதிக்கப்படுபவர் செய்யக்கூடியவை என்ன? தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(இ), 4(1)(ஈ) பிரிவுகள், பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகள் தொடர்பான விவரங்களையும், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கின்றன. தெருவை மூடும் ஆணை இதற்குள் அடங்கும். ஆணையின் எண், பிறப்பித்த அதிகாரி, சட்டப்பிரிவு, முடிவு நாள், ஒப்பந்ததாரர் பெயர் ஆகிய ஐந்தையும் ஒரு மனுவில் கேட்டுப் பெறலாம். பணி முடிந்த பின்னும், அல்லது பணியே நடக்காமலும் தடுப்புகள் கிடந்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ், பொதுவழியின் தடையை அகற்ற உத்தரவிடுமாறு நிர்வாக நடுவரை அணுகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவுதான் இது. பொதுவழியில் இடையூறு விளைவிப்பதற்கான அபராதம், பழைய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாயாக இருந்து, பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இவை பலனளிக்காதபோது அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர்நீதிமன்றம் இருக்கிறது. ஆனால், அடைபட்ட தெருவின் கடைக்காரர் ரிட் மனு தாக்கல் செய்து, அது விசாரணைக்கு வரும் நேரத்தில் வடிகால் மூடியே போடப்பட்டிருக்கும்.

ஆகவே, தீர்வு ஆணை பிறக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். 2023-இல் நடைமுறைக்கு வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் விதிகளில் சில வரிகளைச் சேர்த்தால் போதும்: முடிவு நாள் இல்லாத ஆணை செல்லாது, அவசரப் பணி தவிர்த்து ஏழு நாள் முன்னறிவிப்பு, ஒரு முறைக்கு மேல் நீட்டிப்பதானால் எழுத்துபூர்வமான காரணத்துடன் மண்டலக் குழுவின் முன் வைக்க வேண்டும், ஒரே தெருவை இரண்டு துறைகள் ஓராண்டுக்குள் தனித்தனியே தோண்ட அனுமதியில்லை, நடந்து செல்பவருக்கும் ஆம்புலன்ஸுக்குமான வழி எந்நிலையிலும் திறந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாலை வெட்டு அனுமதியை நிறுத்திவைக்கும் வழக்கம் மாநகராட்சியிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாள்காட்டியைப் பார்த்துப் பணியைத் திட்டமிட முடியும் என்பதற்கு அதுவே சான்று. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் மாசித் திருவிழாவுக்கும் மாடவீதிகள் அடைக்கப்படுகின்றன. அவை எந்த நாளில் மூடப்படும், தேர் நிலைக்கு வந்ததும் எப்போது திறக்கப்படும் என்பது தேரடிக் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரியும்.